சிரிக்காதவரைக் கைது செய்யும் பேருந்து

இருபத்திரண்டு வருஷமாக அவள் பின்பக்கமாகவே பயணம் செய்துகொண்டிருந்தாள். அந்த மஞ்சள் பேருந்தில் மற்ற எல்லோரும் ஊரை எதிர்கொண்டு போவார்கள். அவள் மட்டும் ஓட்டுநருக்கு முதுகைக் காட்டி, கம்பியில் இடுப்பைச் சாய்த்து, கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு போவாள். "இடது பக்கம் பாருங்க" என்று அவள் சொன்னால் அது அவளுக்கு வலது பக்கம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றி, உப்பு டப்பா எந்தப் பக்கம் என்று கேட்டால் எதிர்ப்பக்கத்தைச் சொல்வாள். கணவர் இரண்டு பக்கமும் பார்த்து எடுத்துக்கொள்வார்.

சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டி வேலை. மேலங்கியில் குத்தியிருக்கும் பேட்ஜில் அவள் பெயர் எறும்பு அளவு எழுத்தில் இருந்தது. அதைக் குனிந்து படித்தவர் யாரும் இல்லை. ஓட்டுநர்களுக்கும் டீக்கடைக்காரருக்கும் வண்டி கழுவுகிறவர்களுக்கும் அவள் சிரிப்பக்கா. அவள் ஓயாமல் சிரிக்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் அவள் பல் தெரியச் சிரிப்பதே அபூர்வம். ஆனால் மைக் கைக்கு வந்துவிட்டால் முகத்தைச் சுண்டக் காய்ச்சின மாதிரி வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்வாள், பேருந்து குலுங்கும்.

அந்த நாட்டுக்கு வெளியே நல்ல பெயர் இருந்தது. அங்கே யாருக்கும் அவசரம் கிடையாது, யாரும் யாரையும் அதட்ட மாட்டார்கள், கடைக்காரர் கடையைத் திறந்து போட்டுவிட்டுக் கடலில் குளிக்கப் போய்விடுவார் என்று பேச்சு. பேருந்தின் பக்கவாட்டில் ஆளுயர எழுத்தில் 'அவசரமில்லை, வாங்க!' என்று எழுதியிருந்தது. அது பொய்யும் அல்ல. ஆனால் அதே நாட்டில் தலையணை கனத்துக்கு ஒரு சட்டப் புத்தகமும் இருந்தது. பெஞ்சில் உட்காரலாம், படுக்கக் கூடாது. கடற்கரையைத் தாண்டிவிட்டால் சட்டை போட்டாக வேண்டும். பறவைக்குத் தீனி போடக் கூடாது. நீரூற்றில் கால் நனைக்கவே கூடாது. சீருடையில் இருப்பவர் மேல் விளையாட்டுக்குக்கூட கை வைக்கக் கூடாது.

உள்ளூர்க்காரர்களுக்கு இதெல்லாம் நடை பழகும்போதே பழகிவிடும். எங்கே கால் வைக்கக் கூடாது என்று காலுக்கே தெரியும். அதனால்தான் அவர்களால் அவ்வளவு நிதானமாக உலாத்த முடிகிறது. வெளியிலிருந்து வருகிறவர் கண்ணில் படுவது அந்த உலாத்தல் மட்டும்தான். புத்தகம் அவர் கண்ணில் படாது.

அதைக் கண்ணில் காட்ட வேண்டியது வழிகாட்டிகளின் பொறுப்பு. பல வருஷங்களுக்கு முன் சுற்றுலா அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. விதிகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் விருந்தினர்களைப் பயமுறுத்தக் கூடாது. படித்துவிட்டு மற்ற வழிகாட்டிகள் தலையைச் சொறிந்தார்கள். இவள் மட்டும் ஒரு வாரம் யோசித்து வழி கண்டுபிடித்தாள். விதி ஒவ்வொன்றையும் ஒரு நகைச்சுவையாக்கிவிட்டாள்.

"சட்டை போடாம தெருவில நடந்தீங்கன்னா, கவலையே வேண்டாம், அரசாங்கமே ஒரு சட்டை குடுக்கும். நம்பர் போட்டிருக்கும், அளவுதான் சரியா இருக்காது."

"பறவைக்குத் தீனி போட்டா அபராதம். பறவைக்கில்ல, உங்களுக்கு."

"நீரூற்றில கால் வெச்சா மூணு நாள் தங்க இடம் இலவசம். கட்டில் உண்டு. ஜன்னல்தான் கொஞ்சம் சின்னது."

விதியைச் சொன்ன மாதிரியும் ஆயிற்று, யாரும் பயந்த மாதிரியும் இல்லை. அலுவலகம் அவளுக்குக் கேடயம் கொடுத்தது. மற்றவர்கள் அவள் சொன்னதையே மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள், அவளைப் போல வராது, இருந்தாலும் ஒப்பித்தார்கள்.

அவள் கணவர் முன்பு அதே பேருந்தை ஓட்டியவர். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு நிறுவனம் அவரைக் கைவிடாமல் உட்கார்ந்து எழுந்து செய்கிற ஒரு வேலை கொடுத்தது. பழைய நகர வாசலில் பேருந்து நிற்கும்போது அவர் நீலக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக மேலே ஏறுவார். "இந்த பஸ்ல ஒருத்தர் சிரிக்கலைன்னு புகார் வந்திருக்கு!" என்று அதட்டுவார். இருக்கிறவர்களிலேயே உம்மென்று இருப்பவரைப் பிடிப்பார். "எங்க நாட்டில சிரிக்காம இருக்கிறது குத்தம். ரெண்டு கையையும் நீட்டுங்க!" அப்போது அவள் மைக்கில் கெஞ்சுவாள்: "ஐயா, தப்பிக்க ஒரே வழிதான் இருக்கு. போலீஸ் தொப்பியை எடுத்து உங்க தலையில வெச்சுக்கிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சுடுங்க, விட்டுடுவாங்க!" அந்த ஆள் தொப்பியை வைத்துக்கொண்டு சிரிப்பார், யாராவது படம் எடுப்பார்கள், கணவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவார். நாளைக்கு நான்கு முறை கைது, நான்கு மிட்டாய்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் சொல்லியாக வேண்டும். நிறுவனம் கொடுத்த அட்டைத் தொப்பி மழையில் ஊறிப் பல்லை இளித்துவிட்டது. கணவர் பழைய துணிக் கடையில் தேடி ஒரு தொப்பி வாங்கிவந்தார். அது நிஜமான போலீஸ் தொப்பி, யாரோ ஓய்வு பெற்றபோது கழித்துவிட்டது. "கச்சிதமா இருக்குல்ல?" என்று கண்ணாடி முன்னால் நின்று கேட்டார். "உங்க தலைக்கு எதுதான் பொருந்தாது" என்றாள் அவள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அன்று மூன்றாவது வரிசையில் ஓர் ஓய்வு பெற்ற தபால்காரர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாக நடந்தவர். கல்யாணமான நாளிலிருந்து போகலாம் போகலாம் என்று சொல்லி இப்போதுதான் வெளிநாட்டுப் பயணம் என்று மனைவி பேருந்து கிளம்பும் முன்பே இவளிடம் சொல்லிவிட்டாள். தபால்காரருக்கு இயல்பிலேயே கல்யாண வீட்டில்கூட துக்கம் விசாரிக்கிற முகம். கணவர் ஏறினதும் அவரைத்தான் பிடித்தார், வேறு யாரைப் பிடிப்பது?

அந்த உம்மணா மூஞ்சிக்குள் அப்படி ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. தொப்பியை வைத்துக்கொண்டு அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மனைவி கழுத்தில் தொங்கிய கேமராவால் மூன்று படம் எடுத்தாள். மிட்டாயைப் பிரித்துப் பாதியை மனைவிக்குக் கடித்துக் கொடுத்தார். சிரிப்பக்காவுக்கே உள்ளம் குளிர்ந்துபோனது.

அடுத்த நிறுத்தம் நீரூற்றுத் திடல். அரைமணி நேரம் விட்டாள். வழக்கம்போல் ஓட்டுநரோடு நிழலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். விசில் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள்.

தபால்காரர் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, ஷூவையும் காலுறையையும் ஓரமாக அடுக்கிவைத்துவிட்டு, நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டிருந்தார். முப்பத்தைந்து வருஷம் நடந்த கால். முகத்தில் அப்படி ஒரு சுகம். எதிரே ஓர் இளம் கான்ஸ்டபிள் நின்றுகொண்டிருந்தான்.

"வெளிய வாங்க."

தபால்காரர் நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, இங்கயுமா!" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

"சார், விளையாடாதீங்க. வெளிய வாங்க."

"விளையாடலைங்க, நான்தான் கை நீட்டிட்டேனே!" அவர் எழுந்து, ஈரக்காலோடு ஓரடி முன்னால் வந்து, கான்ஸ்டபிளின் தலையிலிருந்து தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "எடு, எடு" என்றார் மனைவியிடம். அவள் எடுத்தாள்.

திடலில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பேருந்தில் வந்தவர்கள் மட்டுமல்ல, உள்ளூர்க்காரர்களும். கான்ஸ்டபிளின் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. அவன் தொப்பியைப் பிடுங்கினான். இன்னொருவன் ஓடிவந்தான். கைவிலங்கு பூட்டும்போதும் தபால்காரர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். வண்டியில் ஏற்றும்போது இவளைப் பார்த்துக் கையை ஆட்டினார், விலங்கோடு இரண்டு கையையும் சேர்த்து.

"நடிப்புன்னா இதும்மா நடிப்பு! மிட்டாய் எப்போ?"

 சிரிப்பக்கா டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். "சார், அவருக்குத் தெரியாது சார், வயசானவர் சார்" என்றாள். "ஸ்டேஷன்ல வந்து பேசுங்க" என்று வண்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

தபால்காரரின் மனைவி கேமராவை மூடிக்கொண்டு சிரித்த முகமாக வந்தாள். "எவ்வளவு நேரம்மா வெச்சிருப்பாங்க? பஸ் கிளம்பறதுக்குள்ள விட்டுடுவாங்கல்ல?"

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஒரு பயணியிடம் ஒரு விஷயத்தை அப்படியே சொல்ல வேண்டி வந்தது. "அம்மா, இது நிஜம்" என்றாள். அந்த அம்மாள் அப்போதும் சிரித்தாள். இவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் சிரிப்பை நிறுத்தினாள். பிறகு நீரூற்றின் ஓரத்துக்குப் போய்க் குனிந்து ஷூவை எடுத்துக்கொண்டாள்.

கால் நனைத்ததற்கு மட்டும் என்றால் அபராதத்தோடோ மூன்று நாள் காவலோடோ போயிருக்கும். சீருடையை அவமதித்தது, அதிகாரியைக் கடமை செய்ய விடாமல் தடுத்தது என்று இரண்டு சேர்ந்துகொண்டன. குறைந்தது மூன்று மாதம் சிறை. மூன்றாம் நாள் விசாரணை.

மறுநாள் மேலாளர் அவளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, பேச்சு வெளியே கேட்காமல் இருக்க மின்விசிறியையும் கூட்டிவைத்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

"அக்கா, கம்பெனியே வக்கீல் வெச்சுக் குடுக்குது. அவர் தப்பை ஒத்துக்கட்டும், வயசைப் பாத்து ஏதாவது குறைப்பாங்க. நம்ம கைது விளையாட்டைப் பத்தி மட்டும் யாரும் மூச்சு விடக் கூடாது."

"அதனாலதானே சார் அவர் தொப்பியை எடுத்தாரு? நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"அது அந்தத் தொப்பியை. இந்தத் தொப்பியை இல்ல." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "போலீஸ் வேஷம் போடறதே குத்தம்க்கா. நிஜத் தொப்பின்னு வேற கேள்விப்பட்டேன். உங்க பேட்ஜ் போயிடும். வீட்டுக்காரர் உள்ள போனாலும் போவாரு. உங்களைச் சாட்சிக்குக் கூப்பிடவே இல்லையே, நீங்களா ஏன் போய் வாயைக் குடுக்கறீங்க?"

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர், அவ்வளவுதான். அவளும் பயந்துதான் போயிருந்தாள். பேட்ஜ் இல்லாமல் அவள் யார்? ஐம்பதை நெருங்கும் வயதில், பின்பக்கமாக நடக்கத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை. அதை வைத்து வேறு எங்கே வேலை கேட்பது?

மாலையில் தபால்காரரின் மனைவி தங்கியிருந்த விடுதிக்குப் போனாள். சின்ன அறை. கட்டிலில் ஒரு பக்கம் மட்டும் கசங்கியிருந்தது. ஜன்னலோரத்தில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் அந்த ஷூவை வைத்திருந்தாள். காலுறையைத் துவைத்து நாற்காலியில் காயப்போட்டிருந்தாள்.

"வெறுங்காலோட போயிட்டாரு" என்றாள் அந்த அம்மாள். "சொந்த செருப்பு இல்லாம வாசல்படிகூட இறங்க மாட்டாரு. கால்தான் அவருக்குச் சோறு போட்டதுன்னு சொல்லுவாரு." பிறகு கேமராவைத் திருப்பி, பேருந்தில் எடுத்த மூன்று படத்தையும் காட்டினாள். "இவர் இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லம்மா. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு அன்னைக்கே நெனச்சேன்."

அந்த நன்றி அவளைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் நின்றபடியே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

"அப்ப நீ போய் சொல்லப்போறே."

"சொல்லாம எப்படிங்க?"

"எனக்கும் உள்ள போக ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா நீ சொல்லுவியே அந்தக் கட்டில், அதுல என் முதுகு தாங்காது." சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. "எல்லா ஊர்லயும் சட்டம் இருக்கு. அதை மதிக்கறதாலதான் இங்க எல்லாரும் நிம்மதியா இருக்கோம். அந்த ஆள் நீரூற்றுகிட்ட இருக்கிற போர்டைப் படிச்சிருக்கலாம்ல?"

"போர்டுல கூடாதுன்னு இருந்துச்சு. மைக்ல நான் அதைச் சொல்லிச் சிரிக்க வெச்சேன். அவர் என்னை நம்பினாரு, போர்டை நம்பலை." அவள் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தாள், கை ஈரமாகவே இல்லை. "சட்டம் தப்புன்னு நான் சொல்லலை. அதைப் பல்லுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சுட்டு, வாங்க வாங்கன்னு கூப்பிட்டது யாரு? நாமதானே?"

அவர் குழாயை மூடி, தட்டைக் கவிழ்த்து வைத்தார். 

விசாரணை அன்று காலை அவள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு, பேட்ஜைக் குத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கணவர் அவளுக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார். தோளில் ஒரு துணிப்பை.

"என்னங்க அது?"

"தொப்பி. அது இல்லாம நீ சொன்னா எவன் நம்புவான்?" பையைத் தட்டிக்காட்டினார். "கையை நீட்டுங்கன்னு சொல்லிக்குடுத்தது நான்தானே. ரெண்டு நாளா அந்தக் கைதான் கண்ணுக்கு முன்னாடி நிக்குது."

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் மை கரையும் என்று அடக்கிக்கொண்டாள்.

நீதிமன்ற அறை அவள் நினைத்ததைவிடச் சின்னது. மேசை, சுவர்க் கடிகாரம், ஒரு பக்கம் கம்பித் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் தபால்காரர், லாக்கப்பில் கொடுத்த ரப்பர் செருப்போடு நின்றார். மூன்று நாளில் அவர் முகம் பழைய துக்க வீட்டு முகமாகத் திரும்பியிருந்தது. நீதிபதி கண்ணாடியை நெற்றிமேல் தூக்கிவிட்டிருந்த ஒரு பெண்மணி.

வக்கீல், தபால்காரர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்று சொல்ல வாயெடுத்தபோது சிரிப்பக்கா எழுந்துவிட்டாள். "அம்மா, நான் பேசலாமா?" இருபத்திரண்டு வருஷம் மைக்கில் பேசிய குரல், வெறும் குரலாக வந்தபோது அவளுக்கே அந்நியமாக இருந்தது. சொன்னாள். பேருந்து, சுற்றறிக்கை, நகைச்சுவை, கைது, மிட்டாய். கணவர் தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். மேலாளர் கடைசி பெஞ்சில் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நீதிபதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "செஞ்சு காட்டுங்க."

"அம்மா?"

"பஸ்ல எப்படிச் செய்வீங்களோ அப்படியே."

கணவர் தொப்பியை வைத்துக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார். "இந்த பஸ்ல ஒருத்தர் சிரிக்கலைன்னு புகார் வந்திருக்கு" என்றார். குரலில் விளையாட்டு இல்லாததால் அதட்டல் நிஜ அதட்டலாகவே கேட்டது. "எங்க நாட்டில சிரிக்காம இருக்கிறது குத்தம். ரெண்டு கையையும் நீட்டுங்க."

அவள் முறை. "ஐயா, தப்பிக்க ஒரே வழிதான் இருக்கு. போலீஸ் தொப்பியை எடுத்து உங்க தலையில வெச்சுக்கிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சுடுங்க, விட்டுடுவாங்க."

யாரும் சிரிக்கவில்லை.  தினமும் நான்கு முறை சொன்ன வார்த்தைகள்தான். அவற்றை அன்றுதான் அவள் முதல் தடவையாகக் காதால் கேட்டாள். இதில் என்ன சிரிப்பு இருந்தது, எங்கே இருந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

"நீரூற்றைப் பத்தி என்ன சொல்லுவீங்க?"

"மூணு நாள் தங்க இடம் இலவசம். கட்டில் உண்டு. ஜன்னல்தான்..." முடிக்க முடியவில்லை. தடுப்புக்குப் பின்னால் நின்றவருக்கு அது மூன்றாம் நாள்.

நீதிபதி கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுத் தொப்பியைப் பார்க்கச் சொன்னார். அவன் புரட்டிப் புரட்டிப் பார்த்தான், தன் தொப்பியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தான். எது யாருடையது என்று அவனுக்கே ஒரு நிமிஷம் தடுமாறியது. "ரெண்டும் ஒண்ணுதாங்கம்மா" என்றான். பிறகு கேட்காமலே சொன்னான்: "அவர் சிரிச்சது எனக்குப் பெரிசாப் படலைம்மா. நம்ம ஊர்க்காரங்க சிரிச்சாங்க. அவருக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சும் அவங்க சிரிச்சதுதான் உறுத்துச்சு."

"நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று நீதிபதி தபால்காரரைக் கேட்டார்.

அவர் இரண்டு கையாலும் தடுப்பைப் பிடித்துக்கொண்டார். "அந்தத் தண்ணியை ஊர்க்காரங்க குடிக்கறாங்கன்னு லாக்கப்லதான் சொன்னாங்கம்மா. அதுதான் ஊருக்கு முதல்ல வந்த குடிதண்ணியாம், இன்னைக்கும் பாட்டில்ல பிடிச்சுட்டுப் போறாங்களாம். எங்கிட்ட யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, குடிக்கிற தண்ணியில நான் காலை வெச்சிருப்பேனா?"

சிரிப்பக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவளே அங்கே தண்ணீர் பிடித்திருக்கிறாள். முதல் வருஷம் மைக்கில் அதைச் சொல்லிக்கொண்டும் இருந்தாள். நகைச்சுவை வந்த பிறகு அதற்கு இடமில்லாமல் போய்விட்டது. அந்த வரியை எடுத்தால்தான் சிரிப்பு சரியான இடத்தில் விழுந்தது.

தீர்ப்பு எழுத அதிக நேரம் ஆகவில்லை. தபால்காரருக்கு நீரூற்றுக்கான அபராதம் மட்டும். மற்ற இரண்டு குற்றமும் தள்ளுபடி. நிறுவனத்துக்குத் தனி வழக்கு. கணவருக்குத் தண்டம், எச்சரிக்கை; தொப்பி நீதிமன்றத்துக்கு. வழிகாட்டியின் பேட்ஜ் ஒரு வருஷத்துக்கு நிறுத்தம், திரும்பக் கொடுப்பது அதன் பிறகு அலுவலகம் முடிவு செய்ய வேண்டியது.

அவள் அங்கேயே நின்று பேட்ஜைக் கழற்றினாள். ஊசி பழகின இடத்தில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. எழுத்தர் அதை வாங்கி, குனிந்து, அந்த எறும்பு எழுத்தைப் படித்து அவள் பெயரைப் பேரேட்டில் எழுதிக்கொண்டார். மேலங்கியில் நான்கைந்து துளைகள் மிச்சமிருந்தன.

வெளியே வந்தார்கள். நல்ல வெயில். நீதிமன்றத்துக்கு எதிரே மரத்தடியில் ஒரு பெஞ்ச் இருந்தது. ரப்பர் செருப்பை வாசல் காவலரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டதால் தபால்காரர் வெறுங்காலோடு நின்றார். மனைவி பையிலிருந்து ஷூவை எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கையிலும் ஒரு ஷூவைப் பிடித்தபடி, சுடுகிற தரையில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"உக்காந்து போட்டுக்கோங்களேன்" என்றார் கணவர்.

தபால்காரர் பெஞ்சைப் பார்த்தார். அதன் முதுகில் ஏதோ எழுதியிருக்கிறதா என்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பிறகு சிரிப்பக்காவிடம் வந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"அம்மா, இங்க உக்காரலாமா?"

பெஞ்சைப் பற்றி அவளிடம் ஒரு நல்ல நகைச்சுவை இருந்தது. பழக்க தோஷத்தில் அது நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. அவள் அதை விழுங்கினாள்.

"உக்காரலாம்" என்றாள்.

அவர் உட்காரவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது நிஜமா, வேடிக்கையா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் உதட்டோரம், கண், கன்னம் எல்லாவற்றையும் ஒரு முகவரியைப் படிக்கிற மாதிரி படித்துப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக அவள் காப்பாற்றி வைத்திருந்த அந்தச் சிரிக்காத முகம். எதைச் சொன்னாலும் ஒரே மாதிரி இருக்கிற முகம்.

"உக்காரலாம், ஐயா. படுக்கத்தான் கூடாது. காலை மேல தூக்கி வெக்கக் கூடாது. உக்காந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவர் அப்போதும் நின்றுகொண்டிருந்தார். அவள் போய் முதலில் உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை, யாரும் விசில் ஊதவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவர் வந்து, பெஞ்சின் விளிம்பில், எழுந்திருக்க வசதியாக உட்கார்ந்து ஒரு காலுறையை உதறினார்.